கீறல் முட்டை நோட்டு

8 செப்டம்பர் 2025, திங்கள்

காலை ரேட் வந்தது. முட்டைப் பண்ணைக்காரர் லைனில் இருந்தார். "எத்தனை அட்டைம்மா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை.

ஒரு அட்டைக்கு முப்பது முட்டை. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கேள்விக்குப் பத்து எண்ணுவதற்குள் பதில் சொல்லியிருக்கிறேன். அமாவாசை எப்போது, பி.ஜி. விடுதிப் பையன்களுக்குச் சம்பளம் வந்துவிட்டதா, பீன்யா கேன்டீன்களுக்கு லீவா, மழையா — எல்லாம் தானாக வந்து மண்டைக்குள் நிற்கும். இன்று ஒன்றும் வந்து நிற்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றேன். மருமகள் வீணா வந்து போனை வாங்கி, "நேத்து மாதிரியே அனுப்பிடுங்க" என்று சொல்லி வைத்தாள்.

மகன் கிரண் போய் இந்த மாதம் பத்தொன்பதோடு நாலு மாதம். வீணா அவள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. போ என்று நான் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

ஈஜிபுரா குடோனில் கிளெமென்ட் இன்று லீவு. சிவாஜிநகர் மாதா திருவிழா. முந்தாநாள் கேட்டான், தலையாட்டினேன். அவன் முகத்தைப் பார்த்துப் பேசியும் நாலு மாதம்தான்.

9 செப்டம்பர்

இன்றும் நேற்று மாதிரியே. தொம்மலூர் குடோனில் அறுபது அட்டை மிச்சம், ஈஜிபுராவில் பத்து மணிக்கே காலி. கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

13 செப்டம்பர், சனி

வீணா தன் ஆபீஸ் தோழியை அழைத்து வந்தாள். ஷில்பா. கன்னடப் பெண். ராமமூர்த்தி நகரில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகவே வருகிறது. கம்பெனிகளுக்குக் கணக்குப் போட்டு, எதை எவ்வளவு வாங்கலாம், எங்கே வைக்கலாம், எத்தனை வண்டி விடலாம் என்று சொல்கிற வேலையாம். மாடல் என்கிறாள்.

"ஆன்ட்டி, நீங்க எப்படி முடிவு பண்றீங்களோ அதை அப்படியே சொல்லுங்க. நான் அதைக் கணக்கா மாத்தறேன்."

சொன்னேன். சனிக்கிழமை ஓட்டம் குறைவு. சிராவணத்தில் கன்னடக்காரர்கள் முட்டை தொட மாட்டார்கள். ("எங்கம்மா ஆம்லெட் கல்லையே பரண்ல போட்டுடுவாங்க ஆன்ட்டி.") மாதக் கடைசியில் பி.ஜி. காலி. மழை நாளில் எக் ரைஸ் வண்டிக்காரன் பாதிதான் எடுப்பான். ரேட் ஏறப்போகிறது என்று தெரிந்தால் ஏறுவதற்கு முன்பே ஒரு லோடு கூடுதலாக எடுத்துவிட வேண்டும். சொந்த வண்டியை நாமக்கல் அனுப்பினால் முட்டைக்கு எட்டு காசு மிச்சம்.

ஆறு பக்கம் எழுதிக்கொண்டாள். கேட்டால் எல்லாம் சொல்ல முடிகிறது. முடிவுதான் வரவில்லை.

போகும்போது சொன்னாள்: "இது மந்திரம் இல்ல ஆன்ட்டி. நீங்க சொன்னதை வச்சுத்தான் அது யோசிக்கும். நீங்க சொல்லாதது அதுக்குத் தெரியாது. அப்புறம் — முடிவு உங்களோடது. அது கணக்குதான் காட்டும்."

சரி என்றேன். முடிவு எடுக்க முடிந்தால் உன்னை ஏன் கூப்பிடுகிறோம்?

17 செப்டம்பர், புதன்

ஷில்பாவை மூன்று குடோனுக்கும் கூட்டிப் போனேன். பீன்யா பெரியது. தொம்மலூர் சின்னது. ஈஜிபுரா முதலாவது. கேரியரில் எட்டு அட்டை கட்டி சைக்கிள் தள்ளிக்கொண்டிருந்த நான் முதன்முதலில் வாடகைக்குப் பிடித்த இடம். கிளெமென்ட் அன்றிலிருந்து இருக்கிறான். குடோன் பார்ப்பது, முறை வந்தால் லோடு வண்டி ஓட்டுவது, இரண்டும் அவன்.

அவன் இரண்டு முட்டைகளைக் கையில் எடுத்து ஒன்றோடு ஒன்று மெல்லத் தட்டி அவள் காதருகே காட்டினான். "கேளும்மா. இது கெட்டி. இப்ப இது — கேட்டியா, தொப்பு தொப்புன்னு? கண்ணுக்குத் தெரியாத கீறல்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் அண்ணா."

"பதினஞ்சு வருசம் கேட்டா வரும். உங்க கம்ப்யூட்டருக்குக் காது உண்டா?"

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். நான் அட்டை எண்ணுவதுபோல் நின்றேன்.

பிறகு கீறல் முட்டை எழுதுகிற நோட்டை மற்ற குடோன் கணக்கோடு வைத்துப் புரட்டினாள். "ஆன்ட்டி, இது யாக்கே, ஏன் இப்படி? பீன்யா நூத்துக்கு அரை முட்டை. தொம்மலூர்ல கால்கூட இல்ல. ஈஜிபுராவுல மட்டும் மூணரை?"

கிளெமென்ட் என்னைப் பார்த்தான்.

"பழைய கட்டடம்" என்றேன். "தரை சரியில்லை."

எழுதிக்கொண்டாள். கிளெமென்ட் முட்டைக்கு அடித்துப் பார்க்கிற டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

22 செப்டம்பர், திங்கள்

மாடலுக்கு முதல் நாள். காலை ஏழுக்கு போனில் வந்தது: வாங்க வேண்டியது 1,410 அட்டை. பீன்யா 720, தொம்மலூர் 280, ஈஜிபுரா 410. பண்ணைக்காரரிடம் பார்த்து வாசித்தேன். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். பல் விளக்குகிற மாதிரி முடிந்துவிட்டது.

27 செப்டம்பர்

வாரத்துக்கு மொத்த மிச்சம் ஒன்பது அட்டை. கணக்கு கெட்டி. என்னைவிடக் கெட்டி.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. நமக்கு வருஷம் முடியவில்லை, பண்டிகை இல்லை. ஆனால் வண்டியைச் சும்மா விடக் கூடாது என்று கிளெமென்ட்டே எலுமிச்சம்பழம் வாங்கி வந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தான். பூசணிக்காயை உமேஷ் உடைத்தான். உமேஷ் ஜூனில் சேர்ந்தவன், கிரண் ஓட்டிய முறையை இப்போது ஓட்டுகிறான். இது புது வண்டி. பழையது கிருஷ்ணகிரி பக்கம் ஏதோ ஒரு ஷெட்டில் நிற்கிறது. இன்ஷூரன்ஸ்காரன் போன் செய்தால் எடுப்பதில்லை.

வீணா பொரி வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். தின்றேன்.

11 அக்டோபர், சனி

ஈஜிபுரா ஓனர் வாடகை எட்டாயிரம் ஏற்றக் கேட்டிருக்கிறார். மூன்று குடோனும் தேவையா என்று கணக்குப் போடச் சொல்லியிருந்தேன். இன்று ஷில்பா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். ஈஜிபுராவை மூடினால் மாதம் அறுபத்தோராயிரம் மிச்சம். வாடகை, ஆள், எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கீறல். கடைகளுக்கு தொம்மலூரில் இருந்தே போட்டுவிடலாம். லோடு எடுக்க ஒரு டிரைவர் போதும்.

"கிளெமென்ட் அண்ணா மிச்சமாயிடறாரு" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "நிபந்தனை ஏதாவது போடணுமா ஆன்ட்டி? இவரை எடுக்கக் கூடாது, இந்த இடம் இருந்தே ஆகணும் — அப்படி. போட்டா அதுக்கு மாசம் எவ்வளவு செலவுன்னும் காட்டிடும். நிறைய பேர் போடுவாங்க."

"வேண்டாம்" என்றேன்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணும் வேண்டாம்."

12 அக்டோபர், ஞாயிறு

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்.

அந்த மூணரை ஈஜிபுராவுடையது இல்லை. மூன்று குடோன் கீறலும் அந்த ஒரு நோட்டில்தான் ஏறுகிறது. கீறல் முட்டையைப் பாதி விலைக்கு வாங்குகிற எக் ரைஸ் வண்டிகளும் சின்ன பேக்கரிகளும் ஈஜிபுராவைச் சுற்றித்தான் இருக்கின்றன. அதனால் பீன்யாவிலும் தொம்மலூரிலும் கீறியது எல்லாம் சாயங்காலம் கிளெமென்ட்டிடம் வந்துவிடும். உடைந்து ஒழுகியது மட்டும்தான் அங்கங்கே கணக்கில் நிற்கும். அவன் தட்டிப் பார்த்துப் பிரித்து, விற்று, எழுதிவைப்பான். பதினோரு வருடத்துக்கு முன் இந்த ஏற்பாட்டைச் செய்தது நான். ஒரே நோட்டு போதும் என்று சொன்னதும் நான்.

மறந்துவிட்டேனா? இல்லை. ஷில்பா கேட்டபோதே வாய் வரைக்கும் வந்தது. பழைய கட்டடம் என்று சொன்னேன். இத்தனை வருட வியாபாரத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், ஒரு பைசா லாபம் இல்லாமல் சொன்னது இது ஒன்றுதான்.

மே மாதம் அவன் மகள் சோஃபியாவுக்கு சர்ச்சில் புதுநன்மை, முதல் நற்கருணைச் சடங்கு. வியாழனில் இருந்து திங்கள் வரை லீவு. அவன் முறையையும் சேர்த்து கிரண் ஓட்டினான். திங்கள் விடியற்காலை, கிருஷ்ணகிரி தாண்டி, நின்றிருந்த லாரியின் பின்னால். தூங்கிவிட்டான் என்றார்கள்.

கிளெமென்ட் இருந்திருந்தால் கிரண் அந்த லோடுக்குப் போயிருக்க மாட்டான். அவனிடம் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாமலே அனுப்பிவிட ஒரு வழி வந்திருக்கிறது.

14 அக்டோபர், செவ்வாய்

சொல்லிவிட்டேன். ஈஜிபுரா குடோனில், நின்றபடியே.

"மாசக் கடைசியோட இதை மூடறோம் கிளெமென்ட். ஒரு டிரைவர் போதும்னு வருது. சேர வேண்டியது எல்லாம் சேர்த்துத் தந்துடறேன்."

அட்டை அடுக்கிக்கொண்டிருந்தவன் கையிலிருந்ததை வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"சரிக்கா."

"நான் சொல்லலை. கணக்கு சொல்லுது."

"சரிக்கா" என்றான் மறுபடியும்.

நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பான் என்று இருந்தேன். கேட்கவில்லை. எனக்கு ஏதாவது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. ஆட்டோ பிடித்தேன், வீட்டுக்கு வந்தேன், ரசம் சூடு பண்ணிச் சாப்பிட்டேன்.

20 அக்டோபர்

தீபாவளி. வெடிச் சத்தம். கதவைச் சாத்தினேன்.

31 அக்டோபர், வெள்ளி

சாவியையும் டார்ச்சையும் கொடுத்துவிட்டுப் போனான். "டார்ச்சுக்குப் புது செல் போட்டிருக்கேன்" என்றான். நவம்பர் வாடகை முன்பே கட்டியாகிவிட்டது. ஷட்டரை நானே இறக்கினேன்.

4 நவம்பர், செவ்வாய்

எக் ரைஸ் வெங்கி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். "என்னக்கா, கடையை மூடிட்டு எங்க வயித்துல அடிச்சிட்டீங்க? தொம்மலூர்ல போய்க் கேட்டா, கீறல் எது நல்லது எதுன்னு அந்தாளுக்கே தெரியல. நாத்த முட்டை ரெண்டு வந்துது. கஸ்டமர் எதிர்ல உடைச்சேன். என் மானம் போச்சு."

"பார்க்கிறேன்" என்றேன்.

"யாரைக் கேட்டு கிளெமென்ட் அண்ணனை அனுப்புனீங்க?"

"உன்னைக் கேட்டுத்தான் அனுப்பணுமா?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லிருப்பேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

சாயங்காலம் ஷில்பாவிடமிருந்து மெசேஜ். ஈஜிபுரா மூடிய பிறகு தொம்மலூரிலும் பீன்யாவிலும் கீறல் நாலு மடங்காகக் காட்டுகிறதாம். எப்படி? பதில் போடவில்லை.

6 நவம்பர், வியாழன்

காலை ஆறரைக்கு பீன்யா போனேன். லோடு வந்து நிற்கிறது, யாரும் இறங்கவில்லை, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏறிப் பார்த்தால் உமேஷ் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு தூங்குகிறான். கண்ணாடியைத் தட்டினேன். எழுந்தவனுக்கு நான் யார் என்று தெரிய ஒரு நிமிடம் ஆனது. கண் இரண்டும் சிவப்பு.

"எத்தனாவது லோடு இது?"

"மூணாவதும்மா. திங்கள், செவ்வாய், நேத்து. தொடர்ந்து."

"யார் போகச் சொன்னா?"

கேட்டிருக்கக் கூடாது.

"கணக்குல அப்படித்தானேம்மா வந்துது? நீங்கதானே மெசேஜ் போட்டீங்க." பிறகு, "இன்னிக்கும் போகணுமா?"

போனை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ரேட் ஏறுகிறது, அதற்குள் நாலு லோடு. தப்பே இல்லாத கணக்கு. ஆள் தூங்க வேண்டும் என்று அதற்கு நான் சொல்லவில்லை. நானும் அதையேதான் செய்திருப்பேன்.

செஞ்சேன். செஞ்சேனே.

மே பதினெட்டு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டரை. வெள்ளி ஒரு லோடு, சனி ஒரு லோடு, வந்து சோத்தைத் தின்னுட்டு சோபாவுல கவுந்து படுத்திருந்தான். காலைத் தட்டி எழுப்பினது யாரு? "இன்னிக்கு ஒண்ணு எடுத்துட்டா பதினஞ்சு காசு மிச்சம்டா, எந்திரி." "கிளெமென்ட் அண்ணன் வந்துடுவாரும்மா, செவ்வாய்க்கிழமை எடுத்துக்கலாம்"னான். "அதுக்குள்ள ரேட் ஏறிடும்"னேன். எந்திரிச்சு சட்டையைப் போட்டுக்கிட்டான். ஒரு பொத்தான் மாத்திப் போட்டிருந்தான். அதைச் சரி பண்ணக்கூடச் சொல்லலை.

பதினஞ்சு காசு. நாப்பத்தஞ்சாயிரம் முட்டை. ஆறாயிரத்து எழுநூத்தம்பது ரூபா.

கிளெமென்ட்டுக்கு லீவு குடுத்தது யாரு? நான்தான். போன்னு சொன்னது யாரு?

உமேஷிடம் வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன். பண்ணைக்கு இன்று எதுவும் சொல்லவில்லை. அவர் நாலு முறை போன் செய்தார்.

9 நவம்பர், ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்திருப்பார்கள் என்று கணக்குப் பண்ணி, பதினோரு மணிக்கு லிங்கராஜபுரம் போனேன். கிளெமென்ட் மனைவி பிரிஜெட் கதவைத் திறந்தாள். "வாங்கக்கா" என்றாள். வழி மட்டும் விட்டாள்.

கதவுக்குப் பின்னால் நீல யூனிபார்ம் தொங்குகிறது. ஏதோ அபார்ட்மென்டில் செக்யூரிட்டி வேலையாம். பீரோ மேல் பெரிய படம் ஒன்று பழுப்புக் காகிதம் பிரிக்காமல் சாய்ந்திருந்தது. என்ன படம் என்று கேட்டேன். பாடப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்த சோஃபியாதான் சொன்னாள்: "என் புதுநன்மை போட்டோ பெரியம்மா. அப்பா மாட்டக் கூடாதுன்னுட்டார்."

கிளெமென்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நோட்டு விஷயத்தை அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லலை" என்றேன்.

"தெரியும்க்கா."

"அப்போ நீ ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்லாம நின்னீங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு."

"லீவு குடுத்தது நான். அவனை எழுப்பி அனுப்பினதும் நான். நீ அதுல எங்கேயும் இல்ல."

அவன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

"திரும்பி வா. ஈஜிபுராவைத் திறக்கிறேன்."

"இவளைக் கேக்கணும்."

பிரிஜெட் டீயைக் கொண்டு வந்து டொக்கென்று வைத்தாள். "என்னை என்ன கேக்கறது? அக்கா, ஒரே பேச்சுதான். லோடு போயிட்டு வந்த ஆளு ரெண்டு நாளைக்கு அந்த வண்டியைத் தொடக் கூடாது. இவரா இருந்தாலும் சரி, அந்த உமேஷா இருந்தாலும் சரி. ரேட் ஏறுது, இறங்குதுன்னு கதை சொல்லக் கூடாது. எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதித் தரேன்."

"அப்ப பதினஞ்சாம் தேதி வருவாரு. அதுவரைக்கும் அங்க டூட்டி இருக்கு, பாதியில விட்டுட்டு வர மாட்டாரு."

டீயில் சர்க்கரை அதிகம். முழுதும் குடித்தேன்.

10 நவம்பர்

ஷில்பாவிடம் போனில் எல்லாம் சொன்னேன். "அன்னிக்கே நீங்க சொல்லலையே ஆன்ட்டி, யாக்கே?" என்று கேட்டாள். வீணா பக்கத்தில்தான் இருந்தாள், அவளுக்கும் கேட்கட்டும் என்று சொன்னேன். கிரணை எழுப்பியதையும் சொன்னேன். வீணா எழுந்து அறைக்குள் போய்விட்டாள். சாயங்காலம் வெளியே வந்து, இரண்டு பேருக்கும் தோசை ஊற்றினாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து தின்றோம்.

17 நவம்பர், திங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டது. மாலை போட்டவர்கள் ஜனவரி வரை முட்டை பக்கம் வர மாட்டார்கள்.

கிளெமென்ட் வந்து மூன்று நாள். வந்த அன்றே மூன்று நோட்டு வாங்கி அட்டை போட்டு, மேலே அவன் கோணல் கையெழுத்தில் பீன்யா, தொம்மலூர், ஈஜிபுரா என்று எழுதி வைத்தான். சனிக்கிழமைக் கீறல்: பீன்யா 212, தொம்மலூர் 97, ஈஜிபுரா 31.

ஷில்பா அதையெல்லாம் மாற்றிப் போட்டுக் காட்டினாள். ஈஜிபுராவை மூடினால் மிச்சம் இல்லை, நஷ்டம். ஓனர் கேட்கிற எட்டாயிரத்தைக் கொடுத்தாலும்கூட. "நிபந்தனை ஏதாவது?" என்று கேட்டுவிட்டு, பழக்கத்தில் அவளே கம்ப்யூட்டரை மூடப்போனாள்.

"ஒண்ணு இருக்கு" என்றேன். பிரிஜெட் சொன்னதைச் சொன்னேன். ஒரு லோடு முடித்து வந்தவனுக்கு இரண்டு நாள் வண்டி இல்லை.

தட்டினாள். "மாசம் பதினோராயிரத்து இருநூறு செலவாகும் ஆன்ட்டி. ரேட் பத்துக் காசுக்கு மேல ஏறுற நாளுக்கு மட்டும் விதிவிலக்கு குடுத்துட்டா, நாலாயிரத்துல முடிஞ்சிடும்."

சொன்ன விலைக்கு நான் எதையும் வாங்கியதில்லை. பச்சை மிளகாய்கூட.

"பதினோராயிரத்து இருநூறே போடு" என்றேன்.

20 நவம்பர், வியாழன்

காலை ரேட் வந்தது. நாளைக்குப் பன்னிரண்டு காசு ஏறுமாம். பண்ணைக்காரர், "இன்னிக்கே ஒரு லோடு எடுத்துடுங்கம்மா, விட்டா கிடைக்காது" என்றார். உமேஷ் நேற்றுத்தான் லோடு முடித்து வந்தான். கிளெமென்ட் இன்று விடிகாலை.

"இன்னிக்கு வண்டி வராது."

"ஏம்மா, கம்ப்யூட்டர் வேணாம்னுதா?"

"இல்ல. நான் சொல்றேன்."

மத்தியானம் ஈஜிபுரா போனேன். குடோனுக்குள் காலி அட்டைகளை விரித்து, துண்டைத் தலைக்கு வைத்து கிளெமென்ட் தூங்கிக்கொண்டிருந்தான். வாசலில் வெங்கி கீறலுக்கு வந்து நின்றான். அவனை அப்புறம் வரச் சொல்லிவிட்டு, வெயில் முகத்தில் படாமல் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.